மெழுகு டின்னில் பச்சை மை

ஜார்ஜ் டவுன், பினாங்கு
6 ஜூலை 2025

அன்புள்ள ருக்கையா அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால்தலை ஒட்டிய உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும், ஒன்று நாடு கவிழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் என் கைப்பேசி கவிழ்ந்திருக்க வேண்டும் என்று யூகித்திருப்பீர்கள். இரண்டாவதுதான்.

பூமியின் தென்கோடியில், ஹாமில்டனில் உங்கள் வீட்டில் இரண்டு வாரம் தின்று கொழுத்துத் திரும்பிய நான்காம் நாள், எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பள்ளி முத்திரையோடு ஓர் அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை கண்டீனில் டுரியான் விருந்து, ஆளுக்கு ஒரு பழம் கொண்டுவரவும். முத்திரையை வரைந்தது அடியேன். பதினொரு பேர் பழத்தோடு வந்தார்கள். கணக்கு ஆசிரியருக்கு அந்த வாசனை ஆகாது என்பது எனக்குத் தெரியாது. சரி, தெரியும்.

உங்கள் பெரியம்மா, அதாவது என் அம்மா, தீர்ப்பு சொன்னார்: "எஸ்பிஎம் பரீட்சை முடியிற வரைக்கும் ஹேண்ட்போன் கிடையாது. அக்காகிட்ட பேசணும்னா எழுது லா, கை என்ன ஒடிஞ்சா போச்சு?" அம்மாவின் கைப்பேசியிலும் பேசலாம்தான். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். அழுவது வெங்காயத்துக்கா எனக்கா என்று தெரியாது.

உங்கள் துப்பாக்கிச் சங்கம் எப்படி இருக்கிறது? இரும்புக் கோழி, இரும்புப் பன்றி, இரும்பு வான்கோழி, இரும்புக் கடா என்று வரிசையாக நிறுத்திவைத்துச் சுட்டுத் தள்ளுவதை இங்கே யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. அதுவும் நீங்களே ஈயம் உருக்கி, அச்சில் வார்த்து, குண்டின் இடுப்புப் பள்ளத்தில் மெழுகு தடவி... "மெழுகு எதுக்கு? குண்டுக்கு மேக்கப்பா?" என்று அத்தா கேட்டார். மெழுகு இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் ஈயம் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஈ ஒட்டினால் விரட்டலாம், ஈயம் ஒட்டினால் சுரண்டத்தான் வேண்டும். எப்படி?

உங்கள் துப்பாக்கிச் சங்கத் தோழி மார்கரெட் ஆன்ட்டிக்கு என் ஸலாம். அவருடைய தேனீக்களுக்கும். குண்டுக்குத் தடவ அவர் கொடுத்த அந்த மெழுகு டின்னை இந்த மாதம் திறந்தீர்களா? சும்மா கேட்டேன்.

உங்கள் குறும்புத் தங்கை,
நூர் ஃபாத்திஹா


ஹாமில்டன்
22 ஜூலை 2025

அன்புள்ள ஃபாத்திஹா,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் பன்னிரண்டு நாளில் வந்தது. நான் நலம். பால்மாவுத் தொழிற்சாலையில் குளிர்காலம், வேலை குறைவு. காலையில் புல்லெல்லாம் உறைபனி.

உன் அத்தாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 19-ஆம் தேதி சங்கத்தில் ஒரு போட்டி. நாற்பது இரும்பு உருவங்கள், நாற்பது குண்டுகள். முதல் பன்னிரண்டில் பத்தை வீழ்த்தினேன். அதற்குப் பிறகு குண்டுகள் எங்கே போயின என்று எனக்கே தெரியவில்லை. மொத்தம் பதினாறு. என் வழக்கம் இருபத்தெட்டு. வீட்டுக்கு வந்து குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து ஒட்டியது போல ஈயம். செம்பு நாரைத் தூரிகையில் சுற்றி இரண்டு மணி நேரம் இழுத்தேன். துகள் துகளாக வந்தது.

என் ஈயம் பட்டறைகளில் கழித்துப்போட்ட டயர் பேலன்ஸ் கட்டிகள்தான், சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டுவார்களே, அவை. இந்த முறை வாங்கிய பையில் வேறு ரகம் கலந்திருக்கலாம் என்று சந்தேகம். மிகவும் மிருதுவான ஈயம் என்றால் ஒட்டும். உன் அத்தா முப்பது வருடமாக டயர் கடை வைத்திருப்பவர். எது மிருது, எது கெட்டி என்று கேட்டு எழுது.

மார்கரெட்டுக்கு உன் ஸலாமைச் சொல்லவில்லை. அவரோடு இப்போது பேச்சு இல்லை.

படி. முத்திரை வரையாதே.

ருக்கையா


ஜார்ஜ் டவுன்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

ஈயம் பூசிய அண்டா கேள்விப்பட்டிருக்கிறேன். ஈயம் பூசிய துப்பாக்கியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அத்தாவிடம் கடையிலேயே போய்க் கேட்டேன். ஒரு வேனுக்கு அடியில் இருந்தார். நான் பார்த்தது இரண்டு செருப்பு மட்டும்.

"அத்தா, பேலன்ஸ் கட்டியில எது மெதுவா இருக்கும்?"

"ஒட்டுற ரகம்தான். பின்னாடி பசை இருக்கும் பாரு, அது நெகத்தால கீறினாலே கோடு விழும். கொக்கி போட்டு மாட்டுற ரகம் கெட்டி. இப்பல்லாம் பாதி இரும்பும் துத்தநாகமும்தான் வருது, ஈயமே இல்ல. எதுக்குக் கேக்குற?"

"ருக்கையா அக்கா சுடுறதுக்கு."

செருப்புகள் ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு, "யாரை?" என்றார்.

ஆகவே நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் ஆழமாக விழுந்தால் ஒட்டுகிற ரகம் கலந்திருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளி நூலகக் கணினியில் வேதியியல் படிப்பதாகச் சொல்லிவிட்டு உங்கள் வியாதியைப் படித்தேன். ஈயமும் வேதியியல்தானே, பொய்யில்லை. அங்கே ஒரு விஷயம் எழுதியிருந்தது. ஈயம் எங்கே ஒட்டுகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாமாம். குழலின் பின்பக்கம், குண்டு கிளம்புகிற இடத்தில் ஒட்டினால் குண்டு ஒல்லி. இடுக்கில் சூடான வாயு புகுந்து ஈயத்தை அரித்துக்கொண்டு போகிறது. குண்டு குழலைவிட ஒரு நூலளவு பருமனாக இருக்க வேண்டுமாம். எங்கள் கண்டீன் அக்கா சட்டையில் புகுந்திருப்பது போல. முன்பக்கம், வாய்க்கு அருகே ஒட்டினால் குண்டு சரி, மெழுகு சரியில்லை. பாதி வழியில் மெழுகு தீர்ந்துபோய் மீதி வழியை வறண்ட தொண்டையோடு ஓடுகிறது.

உங்களுக்கு எந்தப் பக்கம்?

மார்கரெட் ஆன்ட்டியோடு ஏன் பேச்சில்லை? வியாழக்கிழமை தவறாமல் முட்டை கொண்டுவருவாரே. நான் இருந்தபோது மூன்று மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார், அதில் பாதி தேனீயின் குடும்பத் தகராறு. என்ன ஆயிற்று? டின்னைத் திறந்தீர்களா என்று முன்பே கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

ஃபாத்திஹா


ஹாமில்டன்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபாத்திஹா,

நகத்தால் கீறினேன். கெட்டிதான். உன் அத்தாவுக்கு நன்றி சொல். குண்டின் பருமனையும் அளந்தேன். குழலைவிட ஒரு நூலளவு கூடுதல், இருக்க வேண்டியபடி. ஈயம் ஒட்டியிருப்பது முன்பக்கம், வாயிலிருந்து ஒரு சாண். நீ படித்தது சரியென்றால் குற்றம் மெழுகின் மேல்.

மெழுகு நான் செய்தது. கடை மெழுகுவர்த்தியும் பெரியம்மா அனுப்பிய தேங்காய் எண்ணெயும். குண்டின் பள்ளத்தில் நிற்காமல் செதில் செதிலாக உதிர்கிறது. சுட்டால் பஜ்ஜி வாசனை.

மார்கரெட்டின் டின்னைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டாய். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். உன் வாயில் வேறு எது நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

நீ ஊருக்குப் போன மறுநாள் அந்த டின்னை எடுத்தேன். மூடியில் ஒட்டிய சீட்டில், ஆங்கிலத்தில், அவருடைய பச்சைப் பேனா எழுத்து. எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதுவார், முட்டை அட்டையில் தேதிகூட. முதல் வரி 'ருக்கையாவுக்கு, தேன்மெழுகு'. அதன் கீழே இன்னொரு வரி. 'பன்றிக் கொழுப்பு சேர்த்தது'. அதற்கு முன் அந்த வரியை நான் கவனித்ததில்லை. மூன்று மாதமாக அந்த மெழுகை விரலால் எடுத்துத் தடவியிருக்கிறேன்.

டின்னைப் பையில் கட்டி வேலிக்கு வெளியே ஆணியில் மாட்டினேன். குப்பையில் போடவும் கை வரவில்லை. பிறகு மெழுகு பட்ட எல்லாவற்றையும் கழுவினேன். நம் முறைப்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கரைத்த நீரில். மெழுகுத் தட்டு, குண்டை அழுத்தி ஒரே பருமனாக்கும் இரும்பு வளையம், துப்பாக்கிக் கட்டை, மேசை, கதவின் கைப்பிடி. குழலுக்குள் விட மண்ணைத் துணியில் வடிகட்டினேன். அன்று வெளியே மூன்று டிகிரி. இரும்பு வளையம் மறுநாளே துருப்பிடித்துவிட்டது. புதிது வாங்கினேன்.

இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம். முதல் வருடம் என்னோடு தானாக வந்து பேசியவர் அவர் ஒருவர்தான். நான் எதைச் சாப்பிடுவேன், எதைத் தொடமாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கொடுத்தாரா, யோசிக்காமல் கொடுத்தாரா என்று கேட்கலாம். கேட்கவில்லை. எழுத்து அவருடையது, வேறென்ன பதில் வரும்? நான்கு வியாழக்கிழமை முட்டையோடு வந்தார். கதவைத் திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் அட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

அக்டோபர் 18-இல் இணைப் போட்டி. ஐந்து வருடமாக நானும் அவரும் ஒரு ஜோடி. செப்டம்பர் 30-க்குள் ஜோடியை மாற்றுவதானால் சங்கத்துக்கு எழுத வேண்டும். எழுதப்போகிறேன்.

ருக்கையா


ஜார்ஜ் டவுன்
10 செப்டம்பர் 2025

அக்கா,

இரண்டாவது வரியை எழுதியது நான்.

இதற்கு முன் நான்கு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் இந்த வரிக்கு முன்னால் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே இதை முதலில் வைத்துவிட்டேன்.

நான் கிளம்பிய அன்று காலை, நீங்கள் காரின் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். டின் சமையலறை அலமாரியில் இருந்தது. மார்கரெட் ஆன்ட்டி முட்டை அட்டையில் தேதி போட்டுவிட்டு மறந்துபோன பச்சைப் பேனா பக்கத்தில் கிடந்தது. இரும்புப் பன்றியைத்தான் உங்களுக்குச் சுட வரவில்லை என்று அதற்கு முந்தைய நாள் உங்களைக் கிண்டல் செய்திருந்தேன், நினைவிருக்கிறதா? அந்த ஜோக்கின் வால்தான் இது. ஒரு 'ஆ'வென்ற அலறல், பிறகு விமான நிலையத்துக்கு ஒரு போன், "அடியேய், உன்னை..." என்று. அவ்வளவுதான் நினைத்தேன். போன் வரவில்லை. ஜோக் நமத்துப்போய்விட்டது, நீங்கள் மூடியைப் பார்க்கவே இல்லை என்று முடிவு கட்டினேன். அதனால்தான் திரும்பத் திரும்ப டின்னைப் பற்றிக் கேட்டேன். என் ஜோக் எங்கே போயிற்று என்று தேடினேன். அது வேலிக்கு வெளியே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலமாரியைத் திறந்து கைப்பேசியை எடுத்து என் கையில் கொடுத்தார். உங்கள் எண்ணைத் தேடினேன். திடீரென்று பறித்துக்கொண்டார்.

"போன்ல சொன்னா நடுவுல சிரிச்சிருவே நீ. எனக்குத் தெரியாதா உன்னை? எழுது. விரைவு அஞ்சல்ல போடு."

சிரித்திருப்பேன். சிரிப்பு வராது, ஆனால் சிரித்திருப்பேன். எனக்கு அப்படி ஒரு வியாதி.

மார்கரெட் ஆன்ட்டி அந்த வரியை எழுதவில்லை. ஜோடியை மாற்றாதீர்கள். ஆங்கில 'd'-க்கு அவர் போடுகிற சுழியைக்கூட நான் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் ஏமாந்தது உங்கள் தப்பு இல்லை என்று சொல்கிறேன்.

மூன்று டிகிரியில் ஏழு தடவை.

ஃபாத்திஹா


ஹாமில்டன்
17 செப்டம்பர் 2025

ஃபாத்திஹா,

உன் கடிதம் கிடைத்தது.

மார்கரெட்டுக்கு நீ தனியாக எழுது. என் வழியாக அனுப்பாதே. முகவரி பின்பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுது, கையால் எழுது. அவருடைய எழுத்தில் அல்ல, உன் எழுத்தில்.

ருக்கையா


ஜார்ஜ் டவுன்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

எழுதிப் போட்டுவிட்டேன், விரைவு அஞ்சலில். ஏழு தடவை எழுதினேன். எண்ணி வைத்துச் செய்யவில்லை, தானாக ஏழு ஆயிற்று. ஆறு தடவையும் எங்கேயாவது ஒரு வார்த்தை வாலாட்டியது. ஏழாவது மண் போட்டுக் கழுவியது போல வறட்டுவறட்டென்று இருந்தது. அதையே அனுப்பினேன்.

அம்மா வாசித்துப் பார்த்தார். "இது நீ எழுதினதா? அந்தப் பொம்பள நம்பவே மாட்டாங்க லா" என்றார்.

நீங்கள் ஜோடியை மாற்றினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, கேட்காமல் இருக்கிற பொறுமையும் இல்லை. 30-ஆம் தேதி இங்கே எனக்குச் சரித்திரப் பாடத்தில் சோதனை. தாளில் எழுதும் எல்லா வருடமும் முப்பதில் முடியப்போகிறது.

இந்த வாரம் தண்ணீர்மலை ரோட்டில் அத்தாவோடு காரில் போனபோது ஒரு பையன் நண்பன் முதுகில் 'என்னை உதை' என்று தாள் ஒட்டிவிட்டு ஓடினான். முன்பென்றால் இறங்கிப் போய்க் கை கொடுத்திருப்பேன். கண்ணாடியை இறக்கி, "தம்பி, எடுத்துரு" என்றேன். அத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஃபாத்திஹா


ஹாமில்டன்
20 அக்டோபர் 2025

அன்புள்ள ஃபாத்திஹா,

ஸலாம். முதலில் பதில். ஜோடியை மாற்றவில்லை.

உன் விரைவு அஞ்சல் செப்டம்பர் 16-இல் வந்தது. மறுநாள் உனக்கு நான்கு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் வருத்தப்படும்படி ஏதாவது வந்திருக்கும். அதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமை. முட்டை வராத வியாழக்கிழமை. நானே மார்கரெட் வீட்டுக்குப் போனேன், டின்னையும் எடுத்துக்கொண்டு.

கதவைத் திறந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன் அவர்தான் பேசினார். ஏதோ ஒரு வாரம் தான் கெட்ட முட்டை கொடுத்துவிட்டதில்தான் எனக்குக் கோபம் என்று நினைத்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டையையும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறாராம். வாளியைக்கூடக் காட்டினார்.

டின்னை மேசை மேல் வைத்தேன். மூடியைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இது என் எழுத்து, ஆனா நான் எழுதல" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அது பாதிப் பொய். அதற்கு இரண்டு நாள் முன்புதான் எனக்குத் தெரிந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். மூன்று மாதமாக என்ன நினைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து ஓர் இழுப்பறையிலிருந்து ஒரு கடைச் சீட்டை எடுத்து வந்தார். ஹலால் கறிக்கடைச் சீட்டு, பிப்ரவரி மாதத் தேதி. தேன்மெழுகு மட்டும் போட்டால் கெட்டியாகிவிடும், இளக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அவருடைய குளிர்பெட்டியில் வேறு கொழுப்பு நிறைய இருந்தும், எனக்கான டின்னுக்கென்று நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் போய் ஆட்டுக் கொழுப்பு வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாராம். சீட்டை ஏன் வைத்திருந்தார் என்று கேட்டேன். "நீ எப்பவாவது கேப்பேன்னு" என்றார்.

நான் கேட்கவில்லை. நீ எழுதியது ஒரு வரி, ஃபாத்திஹா. ஆறு வருடத்தை அந்த ஒரு வரிக்கு எதிரே வைத்துப் பார்த்து, வரியை நம்பியது நான். இந்தப் பங்கை உன் கணக்கில் போடமாட்டேன்.

உன் கடிதம் அவருக்கு அக்டோபர் 4-இல் வந்தது. இதோடு இருக்கும் சிறு உறை அவருடைய பதில். நான் படிக்கவில்லை.

18-ஆம் தேதி போட்டி. ஆணியில் தொங்கிய அதே டின்னைத் திறந்தோம். குளிரில் கெட்டுப்போகவில்லை. இன்னும் தேன் வாசனை. ஒவ்வொரு குண்டின் பள்ளத்திலும் விரலால் தடவினேன். நான் இருபத்தேழு, அவர் இருபத்திரண்டு. ஒன்பது ஜோடிகளில் ஆறாம் இடம். உன் தகவலுக்கு, பன்றிகள் பத்தில் எட்டு. நாற்பது குண்டுக்குப் பிறகு குழலுக்குள் ஒரு துணியை விட்டு இழுத்தேன். கரி மட்டும் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வாய் வரைக்கும் பளபளப்பு. ஈயம் இல்லை.

டின் மூடியில் ஒட்டியிருந்த அந்த இரண்டு வரிச் சீட்டு. அதைக் கிழித்துப் போடலாம் என்றேன். மார்கரெட் விடவில்லை. நல்ல எழுத்து, வீணாக்கக் கூடாது என்றார். வெந்நீர் ஆவியில் காட்டிப் பதமாக உரித்தார். முதல் வரியைக் கத்தரித்து டின்னிலேயே திரும்ப ஒட்டினார். இரண்டாவது வரியைக் கொண்டுபோய்த் தன் குளிர்பெட்டியில், காலையில் முட்டையோடு பொரித்துச் சாப்பிடும் பன்றிக்கறி டப்பாவின் மேல் ஒட்டிவிட்டார். இப்போது அந்த வரி உண்மையைச் சொல்கிறது.

எஸ்பிஎம் முடிந்ததும் டிசம்பரில் வா. மார்கரெட்டும் கேட்டார். விமான நிலையத்தில் உன் பெட்டியை நான் சோதிப்பேன். பேனா எதுவும் இருக்கக் கூடாது.

ருக்கையா